பூமாலை குளிப்பாட்டாத குழந்தை

கள்ளக்குறிச்சியில் கோமுகி ஆற்றை ஒட்டி ஆற்றுமேடு என்று ஒரு குடியிருப்பு உண்டு. நூற்றைம்பது வீடு இருக்கும். பாதி ஓடு, பாதி தகரம். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், நெல் காயவைக்கிறவர்கள், கொத்தனாருக்குக் கையாள் வேலை செய்கிறவர்கள், பேருந்து நிலையத்தில் பழம் விற்கிறவர்கள் என்று பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த மேட்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை பூமாலையின் நீட்டிய கால்கள்மேல் படுத்துத்தான் முதல் குளியலைக் கண்டன.

பூமாலைக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. வடக்கனந்தலில் குத்தகை நிலம் பார்த்த குடும்பத்துப் பெண். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை இறக்கும் வெங்கடேசனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மேட்டுக்கு வந்தவள். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். குளிப்பாட்டும் வேலையை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்று வந்து, குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் படுத்திருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. மாமியார் எங்கோ சிதம்பரம் பக்கம். எட்டு நாளாகக் குழந்தை குளிக்கவில்லை என்று கேள்விப்பட்டு பூமாலை போனாள். அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஆற்றுமேட்டில் முக்கால்வாசிப் பெண்களுக்குத் தாய்வீடு தூரம். அதனால் அவளுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

மணையில் உட்கார்ந்து புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து நீட்டுவாள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பாள். எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீட்டி, வாய்க்குள்ளேயே எதையோ முனகிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவாள். எவ்வளவு வீறிட்டு அழும் குழந்தையும் மூன்றாவது சொம்பில் அடங்கிவிடும். துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாது. பெற்றவளுக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் தூக்கம்.

குளியலோடு சேர்ந்து இன்னும் இரண்டு காரியங்கள் செய்வாள். குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயை வைத்து ஊதிச் சளி எடுப்பாள். கடைசியில் சாம்பிராணிப் புகை பிடிப்பாள். இந்த இரண்டையும் செய்யக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சொல்கிறவர்களில் ஒருத்தராவது ஒரு குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியிருப்பார்களா என்பதுதான் அவள் நினைப்பு.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி மூன்றாவது வருஷம் சுபஸ்ரீக்குப் பிள்ளை பிறந்தது. சுபஸ்ரீக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் பேருந்து நிலையத்தில் செல்போன் கடையில் வேலை. தலைப்பிரசவம், ஆண் குழந்தை, எடை இரண்டு கிலோ நூறு. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்ததும் பூமாலையைக் கூப்பிட்டார்கள். குழந்தை கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடச் சின்னதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். வழக்கம்போல் எண்ணெய் விட்டாள், ஊதினாள், புகை போட்டாள். பதினாறாம் நாள் குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கியது. சளிதான், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் இளகிவிடும் என்று பூமாலையே சொன்னாள். பதினெட்டாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யாரும் பூமாலையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தைக்கு நேரம் சரியில்லை என்றார்கள். சிலர் குழந்தையை வேப்பமரத்தடியில் தூக்கிக்கொண்டு போனதில் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்றார்கள். பூமாலையும் மற்றவர்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து நகர்ப்புற சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் மெர்லின் வந்தாள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். இந்த வார்டுக்கு மாற்றலாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வயதுக்குள் குழந்தை இறந்தால் அந்த வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. மெர்லின் தரையில் உட்கார்ந்து, எப்போது பால் குடித்தது, எப்போது விட்டது, யார் தூக்கினார்கள், யார் குளிப்பாட்டினார்கள் என்று சுபஸ்ரீயிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூமாலை அடுத்த வீட்டுக் குழாயடியில் நின்றிருந்தாள். சுபஸ்ரீ தன் பெயரைச் சொன்னதும், மூக்கில் எண்ணெய் விட்டதைச் சொன்னதும் அவள் காதில் விழுந்தன. மெர்லின் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். அப்படி ஒன்றும் சொல்லாமல் எழுதியதுதான் பூமாலையை அறுத்தது.

மறுநாளிலிருந்து அவள் யார் வீட்டுக்கும் குளிப்பாட்டப் போகவில்லை. முதுகுவலி என்று சொல்லிவிட்டாள். வெங்கடேசனுக்குச் சந்தேகம். முதுகு வலிக்கிறவள் இரண்டு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் எப்படித் தூக்குகிறாள் என்று மட்டும் கேட்டான், மேற்கொண்டு கிளறவில்லை. பதினோராம் நாள் அவள் தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். தடுப்பூசி நாள். குழந்தைகளின் அழுகைக்கு நடுவே ஓரமாக நின்றாள். கடைசி ஆள் போகிறவரை காத்திருந்து மெர்லினின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சிஸ்டரு, நான் வுட்ட எண்ணெயாலதான் சுபஸ்ரீ புள்ள பூடுச்சா?"

மெர்லின் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். உட்காரச் சொன்னாள். பூமாலை உட்காரவில்லை.

"எனக்குத் தெரியலக்கா. மூக்குல வுடற எண்ணெய் நுரையீரலுக்குள்ள எறங்கும், அங்க பூந்துகிட்டா சளி காய்ச்சல் வரும். அது நெசம். அந்தப் புள்ளைக்கு அதாலதான் ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அதால இல்லன்னும் சொல்ல முடியாது."

பூமாலை அப்போதுதான் உட்கார்ந்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டாள், இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். மெர்லின் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒரு நோட்டைத் திறந்து காட்டினாள். ஆற்றுமேட்டிலும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களிலும் மூன்று வருஷத்தில் ஏழு குழந்தைகள் போயிருந்தன. ஏழில் ஆறு, பிறந்த ஒரு மாதத்துக்குள். பூமாலைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மெர்லின் பெயரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமும் அவள் கண்முன் வந்தது. ஏழும் அவள் கால்மேல் படுத்தவை.

இனிமேல் எந்தக் குழந்தையையும் தொடப்போவதில்லை என்று அவள் சொன்னாள். மெர்லின் தலையசைத்து மறுத்தாள்.

"நான் மூணாம் நாளு வர்றேன், ஏழாம் நாளு வர்றேன், அப்புறம் பதினாலு. நடுவுல இன்னா ஆவுதுன்னு எனக்குத் தெரியாது. தெனமும் அந்தப் புள்ளைங்களத் தொடறது நீங்கதான்க்கா. நீங்க நின்னுட்டா எனக்குக் கண்ணு இல்ல."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு நாள் மதியத்தில் பூமாலை சுகாதார நிலையத்துக்குப் போனாள். மெர்லின் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்றிருந்தால் குழந்தைக்குக் குளிர் ஏறுகிறது. நேற்று இழுத்துக் குடித்த குழந்தை இன்று சப்பாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. மஞ்சள் உள்ளங்கால்வரை இறங்கினால், தொப்புளில் வாடை வந்தால், அப்படியே. இதையெல்லாம் கேட்டபோது பூமாலைக்கு ஒன்று புரிந்தது. இதில் பாதியை அவள் கை ஏற்கெனவே அறிந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மூக்கில் எண்ணெய் விடுவதையும் ஊதுவதையும் புகையையும் நிறுத்தினாள். உடம்பில் எண்ணெய் தேய்ப்பது இருந்தது, முனகல் இருந்தது, கன்னத்தில் பொட்டு இருந்தது. கண்ணுக்குள் வைத்த மை மட்டும் உள்ளங்காலுக்கு இறங்கியது. வீடுகளில் இதை எளிதாக ஏற்கவில்லை. ஊதாவிட்டால் நெஞ்சு கட்டிக்கொள்ளும் என்றார்கள். நர்ஸம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு பூமாலை மாறிவிட்டாள் என்று ஒருத்தி குழாயடியில் சொன்னாள். நாலைந்து வீட்டில் வேறு ஆளைக் கூட்டி வந்தார்கள். பூமாலை தன் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் போகட்டும், இருபது வருஷமாக விடிந்தால் உன்னைப் பார்க்க முடிந்ததில்லை, இப்போதாவது காலையில் சேர்ந்து டீ குடிக்கலாம் என்றான் வெங்கடேசன். அவள் சிரித்துவிட்டாள். அந்த டீயும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வேறு ஆள் நாலு நாள் வந்து ஐந்தாம் நாள் வரவில்லை. பூமாலை பக்கத்திலேயே இருந்தாள், கூப்பிட்டால் வந்தாள். கார்த்திகைக்குள் எல்லா வீடும் திரும்பிவிட்டன.

அந்தக் கார்த்திகையில்தான் மலர்விழியைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆற்றுமேட்டின் கடைசியில் அரிசி ஆலைக்காரர்கள் போட்டுக்கொடுத்த தகர அறைகள் வரிசையாக இருந்தன. கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அங்கே தங்குவார்கள், நாலு மாதம் இருப்பார்கள், போவார்கள். மெர்லினின் நோட்டில் அவர்கள் இல்லை. கர்ப்பிணிப் பதிவு மலையில், இருப்பு கீழே. அங்கே தேடினால் இங்கே இருப்பார்கள், இங்கே கேட்டால் அங்கே பதிவு என்பார்கள். பூமாலை ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்தபோது ஒரு கொடியில் கிழித்த பழம்புடவைத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இவ்வளவு சின்னத் துணி யாருக்கு என்று கதவைத் தட்டினாள்.

மலர்விழிக்குப் பத்தொன்பது, அவள் புருஷன் அய்யப்பனுக்கு இருபத்துநாலு. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். நெல் களத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே எட்டாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. குழந்தை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, ஒரு கிலோ எழுநூறு வந்ததும் நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெண் குழந்தை. பூமாலை குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவள் என்று தெரிந்ததும் மலர்விழியின் முகம் மலர்ந்தது. குளிப்பாட்டத் தெரியாமல் பயந்துபோய் இருந்தாளாம். அடுப்பில் வெந்நீர்கூடக் காய்ந்துகொண்டிருந்தது.

பூமாலை குழந்தையைக் கையில் வாங்கினாள். அது ஒரு கைக்குள் அடங்கியது. வெளியே தூறல் தொடங்கியிருந்தது. தகரத்தின் வழியாக ஈரக்காற்று.

"இந்தப் புள்ளைக்குக் குளியலு கெடயாது கண்ணு. ரெண்டரை கிலோ வர்ற வரைக்கும் தண்ணி மேல படக்கூடாது. நான் தெனமும் வர்றேன், குளிப்பாட்டாமப் போறேன்."

அந்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து முகத்தையும் மடிப்புகளையும் மட்டும் துடைத்தாள். மலர்விழியின் ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லி, குழந்தையை அவள் மார்புக்கு நடுவே தவளைபோலக் கவிழ்த்துப் படுக்கவைத்து, புடவைத் தலைப்பால் இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொன்னார்கள் என்றாள் மலர்விழி. வீட்டுக்கு வந்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பக்கத்தில் சொல்லவும் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் மலர்விழிக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. மெர்லின் வந்து மாத்திரை கொடுத்தாள், பாலைப் பிழிந்து பாலாடையில் புகட்டச் சொன்னாள். ஆனால் காய்ச்சலில் நடுங்குகிறவள் குழந்தையை எவ்வளவு நேரம் மார்பில் வைத்திருப்பாள்? பூமாலை வாசலில் நின்றிருந்த அய்யப்பனைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவன் தயங்கினான். ஆலையில் கூட இருக்கிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவன் சொல்லவில்லை, ஆனால் கண் அந்தப் பக்கமே போயிற்று.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. நெஞ்செல்லாம் காய்ச்சுப் போயிருக்குது."

"மூட்டை தூக்கற நெஞ்சுதான? நல்லாச் சூடா இருக்கும். உக்காரு."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். குழந்தையை அவன் நெஞ்சில் வைத்து, அவனுடைய துண்டாலேயே கட்டினாள். முதல் பத்து நிமிஷம் அவன் மூச்சே விடவில்லை. குழந்தை மெல்ல அசைந்து, ஒரு கையை விரித்து அவன் காறை எலும்பைப் பிடித்துக்கொண்டது. அவன் தலை குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் பூமாலை போனபோது அவன் அதே சுவரில் அதேபோல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து அறை ஆட்கள் இரண்டு பேர் வாசலில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

பூமாலை தினமும் போனாள். மற்ற வீடுகளில் அரை மணி நேரம் வேலை, இங்கே ஐந்து நிமிஷம். பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள், வாயில் விரலை வைத்து இழுப்பு எப்படி என்று பார்ப்பாள், எழுந்து வருவாள். காசு வேண்டாம் என்றாள், ஒன்றுமே செய்யாததற்கு என்ன காசு என்று. ஒன்பதாம் நாள் மதியம் பாதம் சில்லென்று இருந்தது. நேற்றுப் பிடித்து இழுத்த வாய் இன்று விரலை அப்படியே விட்டுவிட்டது. அழுகையும் இல்லை. அய்யப்பன் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். நல்ல தூக்கம், காலையிலிருந்து எழுப்பவே முடியவில்லை என்று மலர்விழி சாதாரணமாகச் சொன்னாள்.

பூமாலை அவளைப் பயமுறுத்தவில்லை. செருப்பைப் போடச் சொன்னாள். குழந்தையைத் தன் ரவிக்கைக்குள் விட்டு மார்போடு அணைத்து, மேலே புடவையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் மெர்லினுக்குப் போன் போட்டாள், வெங்கடேசனுக்கும் போட்டாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன் என்று மெர்லின் சொல்வதற்குள் வெங்கடேசன் ஒரு ஷேர் ஆட்டோவைப் பாதி ஆட்களோடு அப்படியே திருப்பிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டான். ஆட்டோவில் இருந்தவர்கள் விஷயம் தெரிந்து இறங்கி இடம் விட்டார்கள். ஆஸ்பத்திரி போகிறவரை பூமாலை குனிந்து புடவைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மார்பில் அந்தச் சின்ன மூச்சு படுகிறதா என்பதைத் தவிர அவளுக்கு வேறு உலகமே இல்லை. ஒவ்வொரு முறை படும்போதும் இன்னொன்று, இன்னொன்று என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. மாலைவரை விட்டிருந்தால் கடினம் என்று டாக்டர் மெர்லினிடம் சொன்னாராம். குளிர் படாமல் கொண்டு வந்தது யார் என்றும் கேட்டாராம். பத்து நாள் ஊசிக்குப் பிறகு குழந்தை வீட்டுக்கு வந்தது. தை பிறந்து, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் தராசு இரண்டரைக் கிலோவைத் தாண்டியது. அன்றைக்குப் பூமாலை மணையைப் போட்டு உட்கார்ந்து, புடவையைச் செருகி, அந்தக் குழந்தையை முதல் தடவையாகக் காலில் கிடத்தினாள். குழந்தை ஊரே கேட்கும்படி கத்தியது. அய்யப்பன் பதறிப்போய் எழுந்தான். கத்தட்டும் விடு, கத்தறதைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம் என்றாள் பூமாலை.

அதற்குப் பிறகு மெர்லினின் நோட்டில் மலையாட்களுக்கென்று தனிப் பக்கம் வந்தது. யார் புதிதாக வந்தார்கள், யாருக்கு எத்தனை மாதம் என்று பூமாலை வாய்மொழியாகச் சொல்வாள், மெர்லின் எழுதிக்கொள்வாள். சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலையும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் தடுப்பூசி நாளில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தபோதும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சுபஸ்ரீ மறுபடி உண்டாகியிருந்தாள். தெருவில் பார்த்தால் சிரிப்பாள், பூமாலையும் சிரிப்பாள், இருவரும் நிற்க மாட்டார்கள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் சுபஸ்ரீ தானே வீடு தேடி வந்தாள். பிள்ளை பிறந்தால் வர வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். பூமாலை அவளை உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, இரண்டு வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"உன் மொதப் புள்ளைக்கு மூச்சு வாங்கறப்போ இன்னும் கொஞ்சம் எண்ணெய் வுடுன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு நாளு ஆஸ்பத்திரிக்குப் போவாம நான்தான் நிறுத்தி வச்சேன். அதத் தெரிஞ்சிக்கினு அப்புறம் கூப்பிடு."

சுபஸ்ரீ வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. நீங்க எண்ணெய் வுடறப்போ நானுந்தான் புள்ள தலைய அசையாமப் புடிச்சிக்கினு இருந்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். அந்தக் குழந்தைக்காக இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு சுபஸ்ரீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டாவதும் பையன், இரண்டு கிலோ எண்ணூறு. கலையரசன் என்று பெயர். குளிக்கும்போது அழவே மாட்டான், தண்ணீர் நின்றால்தான் அழுவான்.

போன வைகாசியில் அய்யப்பன் மகளுக்கு ஊரில் காது குத்து. பூமாலையும் வெங்கடேசனும் மெர்லினும் கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ் ஏறினார்கள். வடக்கனந்தலில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மலை தினமும் பார்த்த மலைதான். ஏறியது அன்றுதான். வளைவுக்கு வளைவு வெங்கடேசன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான், அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஊரில் சாமையை வடித்துக் கோழிக் குழம்பு ஊற்றினார்கள். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் குழந்தை போட்ட சத்தத்தில் ஆசாரியே ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டார். மலர்விழி பூமாலையைத் தன் தாய்க்கும் பெரியம்மாவுக்கும் காட்டி, இவங்கதான் என்று மட்டும் சொன்னாள். அவர்களுக்கு அதற்குமேல் தெரிய வேண்டியிருக்கவில்லை. பலாச்சுளைத் தட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்கள். பூமாலை வயிறு முட்டத் தின்றாள்.

ஆற்றுமேட்டில் அந்த வருஷம் ஒரு குழந்தைகூடப் போகவில்லை என்று திரும்பி வரும் பஸ்ஸில் மெர்லின் கணக்குச் சொன்னாள். பூமாலை அதைப் பாதிதான் கேட்டாள். மடியில் பலாப்பழப் பையை வைத்துக்கொண்டு, வெங்கடேசன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.